ஸ்கிரீன்ஷாட் போட்டவருக்கு

முந்தாநாள் கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அரங்கேற்றத்துக்கு நாலு நாள் இருக்க, ஒரு நடிகை விமர்சகரிடம் இன்பாக்ஸில் ஒரு காட்சியைப் பற்றிச் சந்தேகம் கேட்டாராம். ‘காக்கா பிடிக்கிறார்’ என்று விமர்சகர் உடனே ஸ்கிரீன்ஷாட் போட்டுவிட்டார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். ரொம்ப சந்தோஷம்.

நடிகர் விமர்சகருக்கு எழுதினால் அது காக்கா பிடிப்பது இல்லை. தொழில் பேசுவது.

1896 செப்டம்பர், லண்டன் லைசியம் தியேட்டர். ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’ ஒத்திகை. நாயகி இமோஜன் வேடத்தில் நடிகை எல்லன் டெர்ரி, வயது 49. பெர்னார்ட் ஷா அப்போது ‘சாட்டர்டே ரிவ்யூ’ வார இதழின் நாடக விமர்சகர். அவர் டெர்ரிக்கு எழுதிய கடிதங்களில் கொஞ்சலும் நிறைய உண்டு, மறைப்பானேன். ஆனால் இமோஜனைப் பற்றி எழுதியது முழுக்க வேலை. மருந்து மயக்கம் தெளிந்து எழுகிறாள், பக்கத்தில் தலையில்லாத பிணம். கண் திறந்ததுமே அலறிவிட்டால் காட்சி அங்கேயே செத்தது. முதலில் பூ, பிறகு ரத்தம், எல்லாம் கனவுதானோ என்ற அரைத்தூக்கம். தலை இல்லை என்பது கடைசியில்தான் உறைக்க வேண்டும். வசனத்தின் வரிசையே அப்படித்தான் இருக்கிறது. இதைப் பேசுவது காக்கா பிடிப்பதா?

‘அப்புறம் விமர்சனத்தில் நேர்மை எங்கே இருக்கும்?’ என்பீர்கள். 22ஆம் தேதி அரங்கேற்றம், 26ஆம் தேதி ஷாவின் விமர்சனம். ஷேக்ஸ்பியருக்கே செம அடி. டெர்ரியின் முதலாளி, லைசியத்தை நடத்திய நடிகர் ஹென்றி இர்விங் நாடகங்களை வெட்டுவதோடு நிற்பதில்லை, குடலையே உருவுகிறார் என்று அச்சில் போட்டார். அதே கட்டுரையில் இர்விங் நடித்த யாக்கிமோ என்ற வில்லன் வேடத்தை மனசாரப் புகழவும் செய்தார். போதுமா?

ஷாவுக்குச் சுயநலம் இல்லையா? இருந்தது. தன் ‘தி மேன் ஆஃப் டெஸ்டினி’ நாடகத்தை இர்விங் லைசியத்தில் போட வேண்டும் என்று அலைந்தார், கடைசிவரை நடக்கவில்லை. அது விமர்சகரின் அழுக்கு. அதற்கும் நடிகையைத்தான் திட்டுவீர்களா? 1892இல் இவர்களின் கடிதப் பழக்கம் தொடங்கியதே, டெர்ரி ஓர் இளம் பாடகிக்காகப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதப்போய், அது ஷாவின் கைக்கு வந்துதான். தனக்காக அல்ல.

இன்னொன்று. டெர்ரி 1928இல் இறந்தார். கடிதங்கள் புத்தகமானது 1931இல். அப்போதும் மகன் கார்டன் கிரேக் கொதித்துப்போய், பதிலுக்குத் தானே ஒரு புத்தகம் போட்டார். அம்மா போய் மூன்று வருஷம் ஆன பிறகும் அவருக்கு அவ்வளவு வலி. நம்ம ஸ்கிரீன்ஷாட் விமர்சகருக்கு மூன்று மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை.

நாளை மறுநாள் அந்தப் பெண் மேடை ஏறுகிறார். முன்வரிசையில் நம்மவருக்கும் நாற்காலி போட்டிருக்கிறார்களாம்.