ஒரு பிளஸ்ஸுக்கு இவ்வளவு சிரிப்பா?

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இதுக்குள்ள எல்லாரும் பார்த்திருப்பீங்க. பார்க்காதவங்க புண்ணியம் பண்ணவங்க. வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்கூட ஆகாத ஒரு பொண்ணு எழுதின ஒரே ஒரு வரி, ஜாவாங்கிற புரோகிராம் மொழியில. "வணக்கம் " + பெயர் + "!" அவ்வளவுதான். அதைச் சுத்தி சிவப்பு வட்டம். கீழ, "ஸ்ட்ரிங்பில்டர்னு ஒண்ணு இருக்குறதே தெரியாம சம்பளம் வாங்குறாங்க"ன்னு நக்கல். அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு பொம்மைங்க. (ஸ்ட்ரிங்னா எழுத்துக் கோர்வை. துண்டு துண்டா சேர்த்து அதைக் கட்டுறதுக்கு ஜாவாவுல இருக்குற கருவிதான் ஸ்ட்ரிங்பில்டர்.)

ரெண்டு நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். முடியல.

ஒரே வரியில மூணு துண்டை பிளஸ் போட்டு ஒட்டுறது தப்பே இல்ல. தப்பே இல்ல சார். 2004ல ஜாவா 5 வந்ததுலேர்ந்தே நாம எழுதினதை கம்ப்யூட்டர் ஓட்டுற வடிவத்துக்கு மாத்துற கம்பைலர், அந்த பிளஸ்ஸை உள்ளுக்குள்ள ஸ்ட்ரிங்பில்டரா மாத்திடும். 2017ல ஜாவா 9ல அதையும் மாத்தி, எப்படி ஒட்டினா வேகம்னு ஓடுற நேரத்துல முடிவு பண்ற மாதிரி வச்சாங்க. அதுக்கப்புறம் நீங்க பெருமையா கையால எழுதுற ஸ்ட்ரிங்பில்டர், அந்தப் பொண்ணோட பிளஸ்ஸைவிட சில சமயம் மெதுவாத்தான் ஓடும். இதுக்கா சிவப்பு வட்டம்?

வினை எல்லாம் லூப்புக்குள்ளதான், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யுற இடத்துல பிளஸ் போட்டாத்தான். அது எனக்குப் பட்டுத் தெரியும். முதல் வேலை, ராத்திரி ஓடுற ரிப்போர்ட். 60,000 வரி, வரிக்கு சுமாரா 50 எழுத்து, எல்லாத்தையும் லூப்புக்குள்ள பிளஸ் போட்டே ஒட்டியிருந்தேன். நூறு வரி வச்சு டெஸ்ட் பண்ணினப்ப கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சுது. லைவ்ல போட்டா, நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வந்தும் ஓடிக்கிட்டே இருக்கு. ஜாவாவுல ஒரு ஸ்ட்ரிங்கை உருவாக்கிட்டா மாத்த முடியாது. அதனால ஒவ்வொரு வரிக்கும், அதுவரைக்கும் சேர்ந்த மொத்தத்தையும் புதுசா நகல் எடுத்து வால்ல அந்த வரியை ஒட்டுது. கணக்குப் போட்டா 9,000 கோடி எழுத்து நகல். கடைசியில கையில நின்னது 30 லட்சம் எழுத்து.

எங்க டீம் லீட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு தாள்ல 'அ', அதுக்குக் கீழ 'அஆ', அதுக்குக் கீழ 'அஆஇ'ன்னு என்னையே எழுதச் சொன்னார். 'ஏ' வரும்போது, "கை வலிக்குதா?"ன்னார். அவ்வளவுதான் பாடம். போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பல.

"அப்போ நல்ல பழக்கத்தைச் சொல்லிக்குடுக்கவே கூடாதா?"ன்னு வருவீங்க. சொல்லிக்குடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க?

"எஸ்கியூஎல்லையும் இப்படித்தான் ஒட்டுவாளா?"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். எஸ்கியூஎல்ங்கிறது டேட்டாபேஸ்கிட்ட பேசுற மொழி. யூசர் அடிச்சதை அப்படியே குவெரியில, அதாவது டேட்டாபேஸ்கிட்ட கேக்குற கேள்வியில ஒட்டினா ஆபத்து, வாஸ்தவம். அவ ஒட்டினது வணக்கத்தை.

அப்புறம், எங்க மொழியில பிளஸ்ஸே வேணாம்னு பீத்திக்கிற அந்த பைத்தான் கோஷ்டி. ஆமா, வாக்கியத்துக்கு நடுவுலயே பெயரை நேரா எழுதிடுற எஃப்-ஸ்ட்ரிங் உங்களுக்கு 2016லயே வந்துடுச்சு, சந்தோஷம். ஜாவாக்காரங்களும் அதே மாதிரி ஒண்ணை ஜாவா 21லயும் 22லயும் முன்னோட்டமா விட்டுப் பார்த்து, சரியா வரலன்னு ஜாவா 23ல திரும்ப எடுத்துக்கிட்டாங்க. மொழியைச் செய்யுறவங்களுக்கே ஸ்ட்ரிங்கை எப்படி ஒட்டுறதுன்னு குழப்பம். இருபத்திரண்டு வயசுப் பொண்ணுக்கு மட்டும் பிறக்கும்போதே தெரிஞ்சிருக்கணுமாம்.

சொல்ல வேணாம்னு நினைச்சேன், சொல்லிடுறேன். சிரிச்சவர்ல ஒருத்தர் தமிழ்ல மெசேஜ் அனுப்புற ஒரு ஆப் டீம்ல இருக்கார். போன வாரம் அதுலேர்ந்து எங்க வீட்டுக்கு வந்த மெசேஜ்: "உங்கள் பார்சல் ஈரோடுஇல் உள்ளது." ஊர்ப் பேரு ஒரு துண்டு, 'இல்' ஒரு துண்டு, நடுவுல பிளஸ். ஈரோடு ஈரோட்டில் ஆகணும், மதுரை மதுரையில் ஆகணும், கரூர் கரூரில் ஆகணும். கரூர்ங்கிறதுக்குப் பின்னாடி 'இ'யை ஒட்டினா கம்ப்யூட்டருக்கு 'ரி' ஆகாது. 'ர்' பக்கத்துல 'இ' சும்மா நிக்கும். புள்ளியை எடுத்துட்டு கொக்கி போடணும். புணர்ச்சி விதின்னு ஸ்கூல்ல மார்க்குக்குப் படிச்சோமே, அதுதான் இது. உண்மையிலேயே தப்பா ஒட்டின ஸ்ட்ரிங் இதுதான். இதுக்கு யாரும் வட்டம் போடல. நான் ரெண்டு தடவை எழுதிப் போட்டேன், "சின்ன விஷயம், அப்புறம் பார்க்கலாம்"னு பதில். தமிழ் மீடியத்துல படிச்சவன் புலம்புறான்னு நினைச்சிருப்பாங்க. நினைச்சுக்கட்டும்.

அந்த மெசேஜை எங்க அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா கூட்டிப் படிச்சாங்க. 'ஈரோடு'ன்னு நிறுத்தி, 'இல்'லுனு இழுத்து, போனை என்கிட்ட நீட்டினாங்க.

"ஏன்டா, பார்சல் ஈரோட்டுல இல்லையாமா?"