உளவியல் பிள்ளைகளுக்கு ஸ்டாட்ஸ் ஏன் வராமல் போகிறது?

பி.எஸ்சி. உளவியல் சேரும் பிள்ளைகளில் பலர் பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள். ஸ்டாட்ஸ் (புள்ளியியல்) பேப்பர் என்றாலே அவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். "எனக்குக் கணக்கு வராது" என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆசிரியர்களும் அதை ஒப்புக்கொண்டு, பாஸ் மார்க் வாங்க வைத்தால் போதும் என்று நடத்துகிறார்கள். இது தவறான முடிவு. அறிமுகப் புள்ளியியலுக்குத் தேவை கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம். கடையில் பத்து ரூபாய்க்குச் சாமான் வாங்கும் அறிவோடு போடக்கூடிய கணக்கு. கஷ்டம் கணக்கில் இல்லை, கணக்கு எந்தக் கேள்விக்கு விடை என்று யாரும் சொல்லாததில் இருக்கிறது.

ஊகச் சராசரி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் பெரிய எண்களைச் சிறிதாக்கிக் கையால் கூட்டுவதற்காக வந்த குறுக்குவழி அது. இன்று கைப்பேசி செய்யும் வேலை. அந்தக் குறுக்குவழிக்கு வாரக்கணக்கில் வகுப்பு ஒதுக்கிவிட்டு, திட்ட விலக்கத்துக்கும் திட்டப் பிழைக்கும் என்ன வேறுபாடு என்பதை ஒரே பத்தியில் முடித்துவிட்டால், பிள்ளைக்குக் கையில் மிஞ்சுவது என்ன?

சிதறலில் இருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் என் வாதம். மனிதர்கள் ஒருவரைப் போல ஒருவர் இல்லை, அதனால்தான் உளவியலுக்குப் புள்ளியியல் தேவைப்படுகிறது. ஐந்து பேரின் மதிப்பெண்கள் 4, 6, 7, 8, 10 என்று வையுங்கள். சராசரி 7. ஒவ்வொருவரும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள்? -3, -1, 0, 1, 3. கூட்டினால் பூஜ்யம். எப்போதும் பூஜ்யம்தான் வரும், சராசரி என்பதன் பொருளே அது. அதனால் வர்க்கப்படுத்துகிறோம்: 9, 1, 0, 1, 9. மொத்தம் 20. ஐந்தால் வகுத்தால் 4, வர்க்கமூலம் 2. இதுதான் திட்ட விலக்கம். இந்த ஐந்து பேரைப் பற்றி மட்டும்தான் பேச்சு என்றால் இதோடு நிறுத்தலாம்.

ஆனால் இவர்களை வைத்துப் பெரிய கூட்டத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றால் நான்கால் வகுக்கச் சொல்கிறார்கள். ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு "ஃபார்முலா அப்படித்தான்" என்று பதில் சொல்லாதீர்கள். காரணத்தை இதே எண்களில் காட்டலாம். 7 என்பது இந்த ஐந்து எண்களில் இருந்தே எடுத்த சராசரி. அதனால் அவற்றுக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். பெரிய கூட்டத்தின் உண்மையான சராசரி 8 என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து அளந்தால் 16, 4, 1, 0, 4, மொத்தம் 25. 7-இல் இருந்து அளந்தபோது 20தான் வந்தது. 7-ஐ விட்டு எந்தப் பக்கம் நகர்ந்தாலும் 20-க்கு மேலேதான் போகும். ஆக, மாதிரியின் (நாம் அளந்த சிறு குழுவின்) சொந்தச் சராசரியில் இருந்து அளந்தால் சிதறல் குறைவாகவே தெரியும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஐந்துக்குப் பதில் நான்கு. 20-ஐ 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 2.24. பலகையில் ஐந்து நிமிட வேலை இது.

அடுத்து திட்டப் பிழை. ஆய்வேடுகளில் இதையும் திட்ட விலக்கத்தையும் மாற்றி எழுதுவது சகஜமாகிவிட்டது. திட்ட விலக்கம் சொல்வது மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டை. நுண்ணறிவு ஈவில் (ஐ.க்யூ.) அது 15 என்றால், 25 பேரை அளந்தாலும் 900 பேரை அளந்தாலும் 15-ஐ ஒட்டித்தான் இருக்கும். திட்டப் பிழை சொல்வது, நாம் எடுத்த சராசரி எவ்வளவு ஆடக்கூடியது என்பதை. திட்ட விலக்கத்தை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் அது கிடைக்கும்: 25 பேருக்கு 3, 100 பேருக்கு 1.5, 900 பேருக்கு 0.5. ஆடுவதைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும்.

இனி டி சோதனை. சராசரிகளின் வேறுபாட்டை அதன் திட்டப் பிழையால் வகுத்துப் பார்ப்பது அது. எது இணைத்துப் பார்க்கும் டி, எது தனித்தனிக் குழுக்களுக்கான டி என்பதை வரையறையாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். தவறினால் என்ன நடக்கும் என்று காட்டுவதில்லை. தளர்வுப் பயிற்சிக்கு முன் ஐந்து பேரின் பதற்ற அளவு 20, 28, 35, 41, 46. பயிற்சிக்குப் பின் அதே ஐந்து பேருக்கு 18, 25, 33, 38, 41. சராசரி 34-இல் இருந்து 31-க்கு இறங்கியிருக்கிறது. இவற்றை இரண்டு தனிக் குழுக்கள் என்று எண்ணிக் கணக்கிட்டால் டி 0.48. எட்டு கட்டின்மைப் படிகளுக்கு (டிகிரீஸ் ஆஃப் ஃபிரீடம், இங்கே மொத்த எண்கள் பத்தில் இரண்டு குறைவு) அட்டவணைப்படி 2.306 தாண்ட வேண்டும், அருகில்கூட வரவில்லை. அதே எண்களை ஆள்வாரியாகக் கழித்தால் 2, 3, 2, 3, 5. சராசரி 3, திட்ட விலக்கம் 1.22, திட்டப் பிழை 0.55, டி 5.48. நான்கு கட்டின்மைப் படிகளுக்கு (ஐந்து வித்தியாசங்களில் ஒன்று குறைவு) 2.776 போதும். எண்கள் ஒன்றுதான், விடை நேர் எதிர். காரணம், ஆளுக்கு ஆள் பதற்றத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒருவரை அவரோடே ஒப்பிடும்போது அந்த வேறுபாடு கழிந்துபோகிறது. இந்த ஒரு எடுத்துக்காட்டைப் பிள்ளைகள் தங்கள் கையால் போட்டுப் பார்த்தால் பிறகு குழப்பமே வராது. (கட்டுப்பாட்டுக் குழு இல்லாததால், இறங்கியதற்குப் பயிற்சிதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அது வேறு பாடம், ஆனால் அதே வகுப்பில் சொல்லியாக வேண்டும்.)

டி சோதனையை 1908-இல் வெளியிட்ட வில்லியம் காஸெட், டப்ளின் நகர கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். அவருக்கு இருந்த சிக்கலே சிறிய மாதிரிகள்தான். "முப்பது பேர் இருந்தால்தான் டி போடலாம்" என்று சொல்லித் தருகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பி மதிப்புக்கு வருகிறேன். மிக அதிகமாகப் பிசகும் இடம் இது. 'பி 0.03 என்றால் இன்மைக் கருதுகோள் (வேறுபாடே இல்லை என்ற கருதுகோள்) சரியாக இருக்க 3 சதவீதம்தான் வாய்ப்பு' என்று எழுதுகிறார்கள். அப்படி இல்லை. உண்மையில் வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ நம் மாதிரியில் தென்பட 3 சதவீதம் வாய்ப்பு. அவ்வளவுதான். மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது என்பதற்காக மழைதான் என்று சொல்ல முடியுமா? தண்ணீர் லாரி போயிருக்கலாம். முதல் கூற்றைத் திருப்பிப் போட்டால் இரண்டாவது கிடைக்காது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட வேண்டி வந்தது என்றால், இது மாணவர்களின் மந்தம் மட்டும் இல்லை என்று புரியும்.

'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லை 'முக்கியமானது' என்று படிப்பதும் அங்கே இருந்துதான் வருகிறது. 400 பேரிடம் எடுத்த ஒட்டுறவுக் கெழு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதைச் சொல்லும் எண்) 0.10 என்றால் 0.05 மட்டத்தில் சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும், அதாவது பி 0.05-க்குக் கீழே வரும். ஆனால் அதை வர்க்கப்படுத்தினால் 0.01, அதாவது வேறுபாட்டில் 1 சதவீதத்துக்குத்தான் அது கணக்குச் சொல்கிறது.

ஆய்வேடு எழுதும்போது நடக்கும் பிழைகள் வேறு ரகம். ரோஸன்பர்க் தன்மதிப்பு அளவுகோலில் பத்து வாக்கியங்கள், அவற்றில் ஐந்து எதிர்மறை. 1 முதல் 4 வரை மதிப்பிட்டிருந்தால் அந்த ஐந்துக்கும் விடையை 5-இல் இருந்து கழிக்க வேண்டும். மறந்துவிட்டால் மொத்த மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இருக்காது. குரோன்பாக் ஆல்ஃபா (வாக்கியங்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) மிகக் குறைவாகவோ, பூஜ்யத்துக்குக் கீழேயோ வந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள். விடை தராதவர்களுக்கு 99 என்று போட்டுவிட்டு, அது விடுபட்டது என்று மென்பொருளுக்குச் சொல்லாமல் விடுவது இன்னொன்று. ஐந்து புள்ளிக் கேள்வியில் 29 பேர் 3 என்றும் ஒருவர் 99 என்றும் இருந்தால் சராசரி 6.2 வரும். எந்தச் சோதனைக்கும் முன்பு ஒவ்வொரு பத்தியின் சிறும, பெரும மதிப்புகளைப் பார்த்தால் இது உடனே பிடிபடும்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் தனிக் குழு டி சோதனையின் அட்டவணையில் பி மதிப்பைக் காட்டும் 'ஸிக்' பத்தி ஒன்றுக்கு மேல் இருக்கும். முதலாவது லெவீன் சோதனையுடையது, இரு குழுக்களின் சிதறல் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பது. அதையே டி-யின் பி மதிப்பு என்று எழுதிவிடுகிறார்கள். சிதறல் ஒன்றல்ல என்று கொள்ளும் கீழ் வரிசையையே வழக்கமாக எழுதப் பழகுவது நல்லது என்பது என் கருத்து, குறிப்பாகக் குழுக்களின் எண்ணிக்கை மாறுபடும்போது. '.000' என்று வந்தால் பி பூஜ்யம் என்று எழுதாதீர்கள், 0.001-ஐவிடக் குறைவு என்று எழுதுங்கள். மூன்று குழுக்களை அனோவா (பல குழுக்களின் சராசரிகளை ஒரே முறையில் ஒப்பிடும் சோதனை) இல்லாமல் மூன்று டி சோதனைகளாகப் பிரித்தால், வேறுபாடே இல்லாதபோதும் ஏதாவது ஒன்றில் 'இருக்கிறது' என்று வரும் வாய்ப்பு 5-இல் இருந்து 12 சதவீதத்தை ஒட்டி ஏறிவிடும்.

வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். குழுவுக்கு 30 பேர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாதீர்கள். புள்ளியியல் எழுதிய உளவியலாளர் ஜேக்கப் கோஹன் நடுத்தரம் என்று குறித்த 0.5 அளவு (அரைத் திட்ட விலக்கம்) வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கக் குழுவுக்கு 64 பேர் வேண்டும். 30 பேர் என்றால் அந்த வாய்ப்பு பாதியைக்கூடத் தொடாது. நாணயம் சுண்டுவதற்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. ஆறு மாதம் அலைந்து தரவு சேர்த்த பிள்ளை, 'வேறுபாடு இல்லை' என்று முடிவு எழுதி மனமுடைந்து நிற்கும். வேறுபாடு இருந்திருக்கலாம், பார்க்கும் கண்ணாடிதான் போதவில்லை.

தேர்வில் ஒரே ஒரு மாற்றம் போதும். தொகுத்த தரவுக்கு முகடு (அதிக முறை வரும் மதிப்பு) காணச் சொல்லும் கேள்வியை எடுத்துவிட்டு, ஜமோவி போன்ற இலவச மென்பொருள் தந்த ஓர் அட்டவணையை அச்சிட்டுக் கொடுங்கள். அதன் கீழே மூன்று கேள்விகள்: இங்கே எந்தச் சோதனை, ஏன்? வேறுபாடு எவ்வளவு பெரியது? இதை வைத்து என்ன சொல்லக்கூடாது? மூன்றாவது கேள்விக்கு அதிக மார்க் போடுங்கள்.