பிளவுக்கோடு முன்பே சொல்லிவிட்ட சேதி

துருக்கியில் 2023 பிப்ரவரி 6 அதிகாலை நேர்ந்த நிலநடுக்கப் பேரழிவை இன்றும் ‘எதிர்பாராத இயற்கைச் சீற்றம்’ என்று எழுதுகிறார்கள். நாளும் நேரமும் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பது உண்மைதான். இடம் தெரியாது என்று மட்டும் சொல்ல முடியாது. அந்த நிலநடுக்கம் நேர்ந்த கிழக்கு அனத்தோலியப் பிளவு, அதாவது இரு புவித்தட்டுகள் உரசிக்கொள்ளும் முறிவுக்கோடு, நிலவியல் வரைபடங்களில் பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது.

அரேபியப் புவித்தட்டு வடக்கு நோக்கி நெருக்குவதால், துருக்கியின் பெரும்பகுதியைத் தாங்கும் அனத்தோலியத் தட்டு மேற்கே நழுவுகிறது. அதன் விளிம்புகளில் பாறைகள் உராய்வால் பூட்டிக்கொண்டு நிற்க, அப்பாலுள்ள நிலம் நகர்ந்துகொண்டே இருப்பதால், பிளவையொட்டிய பாறை மெல்ல வளைந்து ஆற்றலைச் சேர்க்கிறது. பூட்டு அறும்போது அதில் பெரும்பகுதி சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ வெளிப்படுகிறது.

அந்தத் தட்டின் வடக்கு விளிம்பில் ஓடும் வடக்கு அனத்தோலியப் பிளவு இதற்குத் தெளிவான சான்று. 1939இல் கிழக்கே எர்சின்ஜானில் தொடங்கி 1942, 1943, 1944, 1957, 1967 எனப் பெரும்பாலும் மேற்கு நோக்கியே அது முறிந்துவந்தது. ஒரு துண்டு முறிந்தால் அங்கே அழுத்தம் தணியும், பக்கத்துத் துண்டில் கூடும். இந்தக் கணக்கை வைத்து 1997இல் ஆய்வாளர்கள் இஸ்தான்புல்லுக்குக் கிழக்கே உள்ள இஸ்மித் பகுதியைச் சுட்டிக்காட்டினார்கள். 1999 ஆகஸ்ட் 17இல் அங்கேயே நிலம் பிளந்து 17,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிளவு கடந்துபோன இடத்தில், நேராக ஓடிய தண்டவாளம் பாம்புபோல் நெளிந்து கிடந்தது.

அடுத்த துண்டு இஸ்தான்புல்லுக்குத் தெற்கே, மர்மரா கடலடியில் இருக்கிறது. அங்கே 1766க்குப் பிறகு பெரிய முறிவு இல்லை. தட்டு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்தாலும், பூட்டிய பகுதிகளில் 5 மீட்டர் நகர்வு பாக்கி நிற்கிறது. சில பகுதிகள் அதிர்வின்றி ஊர்ந்து பாரத்தைக் குறைத்துக்கொள்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

‘பிளவிலிருந்து என் வீடு எத்தனை கிலோமீட்டர்’ என்று கேட்பது அரைக் கேள்விதான் என்பது என் எண்ணம். வீட்டுக்கு அடியில் இருப்பது பாறையா, ஆற்று வண்டலா என்பதும் அதே அளவுக்கு முக்கியம். 2023இல், ஒரோண்டிஸ் ஆற்றின் வண்டல்மேல் அமர்ந்த தென் துருக்கி நகரான அந்தாக்யாவில் அதிர்வு பெருகியது. தரமற்ற கட்டடங்கள் அதைத் தாங்கவில்லை. அனுமதியின்றி எழுந்த கட்டடங்களுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு 2018இல் பொதுமன்னிப்பு வழங்கிய அரசு, நிலத்தின்மேல் பழி போடுவது எந்த வகையில் நியாயம்?

2025 ஏப்ரலில் மர்மரா கடலில் 6.2 அளவு நிலநடுக்கம் வந்தபோது, ‘அழுத்தம் இறங்கிவிட்டது’ என்று ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அளவு ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்காகிறது. 7.2 அளவுக்கான ஆற்றல் அங்கே தேங்கியிருக்குமானால், இந்த அதிர்வு கழித்தது அதில் முப்பதில் ஒரு பங்குதான்.