எல்லாம் தேசநலன் என்று சொல்லிவிட்டால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டிக் கூட்டத்தின் காணொளியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். "ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்காரருக்கு ஜெனீவா எதற்கு?" என்று சிறப்புரையாளர் கேட்க, அரங்கமே சிரித்தது. சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எந்த நாடும் தேசநலனுக்காகவே நடக்கிறது, மற்றதெல்லாம் வேஷம் என்பது அவர் தீர்ப்பு; யதார்த்தவாதம் என்பார்கள் இதை. 2009 மே மாதம் ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. 2012இலும் 2013இலும் இலங்கைக்கு எதிராக அமெரிக்கா கொண்டுவந்த தீர்மானங்களை ஆதரித்தது. 2014இல் வாக்களிக்காமல் ஒதுங்கியது. பாக் நீரிணை நகரவில்லை. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் சீனப் பணம் முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. ஐந்தாண்டுகளில் மூன்று நிலைப்பாடுகள், மூன்றுக்கும் ஒரே காரணம் என்றால் அந்தக் காரணம் எதைத்தான் விளக்குகிறது?

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1988இல் சொன்னது இதைத்தான்: ஆட்சியாளர் வெளிநாட்டோடு ஒரு மேசையிலும் உள்நாட்டோடு இன்னொரு மேசையிலும் ஒரே நேரத்தில் பேரம் பேசுகிறார். 2013 வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு திமுக மத்திய அரசிலிருந்து விலகியதை அந்த இரண்டாவது மேசையைப் பார்க்காமல் எப்படிப் புரிந்துகொள்வது? 2009இலும் திமுக கூட்டணியில்தானே இருந்தது என்பீர்கள். இருந்தது; ஆனால் அப்போது மக்களவைத் தேர்தல் முடிவு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வாக்காளருக்குப் பயப்பட அவசரமில்லை. பாடப்புத்தகச் சங்கதி என்போருக்குப் பதில் சொல்வதாக இல்லை. சிறப்புரையாளர் மூச்சுக்கு மூச்சு மேற்கோள் காட்டிய யதார்த்தவாத அறிஞர் கென்னத் வால்ட்ஸே, தம் கோட்பாடு சர்வதேச அரசியலைப் பற்றியதே தவிர தனியொரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையைப் பற்றியதன்று என்று எழுதியவர்.

காப்பி என்றாரே, அதையும் பேசிவிடுவோம். என் தந்தை ஏற்காட்டில் எஸ்டேட் கணக்கெழுதியவர். கியூபப் புரட்சிக்குப் பிறகு லத்தீன் அமெரிக்கா முழுவதும் கம்யூனிசத்துக்குப் போய்விடும் என்ற அச்சமே, விலையைத் தாங்கிப்பிடிக்கும் 1962ஆம் ஆண்டின் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தில் அமெரிக்காவைச் சேர வைத்த முக்கியக் காரணம். யதார்த்தவாதத்துக்கு அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாங்குவோரும் விற்போரும் ஒரே அவையில் உட்கார்ந்து எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்ற ஒதுக்கீட்டை முடிவுசெய்த அந்த ஏற்பாடு, இடையிடையே தடைப்பட்டாலும், இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்ததை அச்சம் மட்டும் விளக்காது. அங்கேதான், பொது அமைப்புகளும் விதிகளும் நாடுகளை ஒத்துழைக்க வைக்கும் என்னும் தாராளவாதிகள் பேசும் நிறுவனங்களின் பலம் தெரிகிறது. 1989 ஜூலையில் ஒதுக்கீடு முறிந்ததும் சில மாதங்களில் உலகச் சந்தை விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. தந்தை அதன்பின் முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்கவே கூசினார். மலையில் ஒருவர் வாய்மூடி நின்றதற்குக் காரணம் வாஷிங்டன்வரை நீளும்போது, அதைப் பற்றிக் கேட்க எனக்கு எந்தப் பட்டம் வேண்டும்?

மேலே சொன்ன ஆண்டுகளில் எது தவறு என்று சிறப்புரையாளர் இங்கேயே எழுதட்டும். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.