மோலியேரை யாரும் கெடுக்கவில்லை

பிரெஞ்சு நகைச்சுவை நாடக ஆசிரியர் மோலியேரின் 'கஞ்சன்' நாடகத்தை இஸ்தான்புல்லில் ஒர்த்தாஒயுனு என்ற துருக்கியப் பாணியில் போட்டார்களே, அதற்குப் பிறகு நடந்த சண்டை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். "மோலியேரைச் சந்தைக் கூத்தாக்கிவிட்டார்கள்" என்று ஒருவர் சொல்ல, சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

மோலியேரை யாரும் கெடுக்கவில்லை. ஒர்த்தாஒயுனு துருக்கியின் பழைய நகைச்சுவை நாடகம். சுற்றி ஜனங்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் ஆடுவார்கள். ஒரு மடக்குத் தட்டியை நிறுத்தினால் அதுதான் வீடு. இதற்குள் மோலியேர் எப்படி வருவார் என்று கேட்கிறீர்கள். அவரே பாரிசில், இதே போல மேடையிலேயே இட்டுக்கட்டி ஆடிய இத்தாலிய நகைச்சுவைக் குழுவோடு ஒரே அரங்கைப் பங்கிட்டு நடித்தவர், அவர்களைப் பார்த்துக் கற்றவர்.

1668இல் அவர் போட்ட 'கஞ்சன்' நாடகத்திலேயே, பணப்பெட்டி களவு போனதும் கிழவன் பார்வையாளர்களைப் பார்த்து, திருடன் உங்களுக்குள் ஒளிந்திருக்கிறானா என்று அலறுவான். எழுதியதே அப்படித்தான். அன்றைக்கு அந்த நடிகர் எங்கள் வரிசைக்கே வந்து, என் மகள் முன்னால் குனிந்து நின்றார். மூக்கு நுனியில் வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தன் தண்ணீர் பாட்டிலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். இஸ்தான்புல் வந்து இத்தனை வருடத்தில் எத்தனையோ நாடகத்துக்கு அவளைக் கூட்டிப் போயிருக்கிறேன், பாதியில் தூங்கிவிடுவாள். அன்று தூங்கவில்லை.

மோலியேருக்குத் துருக்கி வேடம் போடுவது, புதுமை காட்ட ஒட்டவைத்த ஒட்டு என்பீர்கள். 1879இல் துருக்கியின் புர்சா நகருக்கு ஆளுநராகப் போன அஹ்மத் வெஃபிக் பாஷா அங்கே அரங்கம் அமைத்து, மோலியேரின் பாத்திரங்களுக்குத் துருக்கியப் பெயரும் பேச்சும் கொடுத்து மேடையேற்றினார். இதுவா நேற்று முளைத்த புதுமை? ஒர்த்தாஒயுனு வழக்கப்படி ஆண்கள் பெண் வேடம் கட்டுவது இன்றைக்கு எதற்கு என்றால், அது எனக்கும் உறுத்தியது, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மொத்தத்தையும் குப்பை என்பீர்களா?

அப்புறம் அந்தச் 'சந்தைக் கூத்து' என்ற சொல். இந்தக் கலையில் வாரிசு என்பதற்கு அடையாளம் கவுக் என்ற தலைப்பாகை. ஒர்த்தாஒயுனு நடிகர் இஸ்மாயில் தும்புல்லு தன் குருவிடம் வாங்கிய அதை 1968இல் நடிகர் முனிர் ஒஸ்குலிடம் கொடுத்தார். அவர் 1989இல் நடிகர் ஃபெர்ஹான் ஷென்சொயிடம் கொடுத்தார். இன்றைக்கும் அது கைமாறிக்கொண்டுதான் வருகிறது. ஒரு துணித் தொப்பியை இப்படிப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறவர்களின் கலையை, வாசலில் டீ குடித்துக்கொண்டே ஒரு சொல்லில் தள்ளிவிட எப்படி மனசு வருகிறது?

'சந்தைக் கூத்து' என்று சொன்னவர் இடைவேளையிலேயே எழுந்து போய்விட்டார். பணப்பெட்டிக் காட்சி அதற்குப் பிறகுதான் வந்தது.