முகத்துக்காக வாங்கியவரை வாடிக்கையாளர் கணக்கில் எழுதாதீர்கள்

வேலையில் இருந்துகொண்டே சொந்தமாகச் சின்னதாக ஒரு தொழில் ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பக்கத்து நாற்காலிதான். தெரிந்த முகம், தினமும் பார்க்கிறோம், நம் வேலை எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியும், மாதம் பிறந்தால் அவர் கையில் சம்பளம் வருகிறது என்பது நமக்கும் தெரியும். வரிக்கணக்கு தாக்கல் செய்து தருபவர், காப்பீடு விற்பவர், இணையதளம் செய்து கொடுப்பவர், யோகா வகுப்பு எடுப்பவர், என்னைப் போல விடுமுறை நாளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர், எல்லோரும் போடுவது இதே கணக்குதான். எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

சக ஊழியரிடம் வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பது விற்கிற பக்கம் நிற்கும்போது நமக்கு மறந்துபோகிறது. கடைக்காரரிடம் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம், மறுபடி அந்தப் பக்கமே போகாமலும் இருந்துவிடலாம். கூட வேலை செய்கிறவரிடம் அப்படி முடியாது. நாளைக்கு அவரிடம் ஒரு ஃபைல் கேட்க வேண்டும், அடுத்த வாரம் ஒரு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டும், மீட்டிங்கில் யாராவது நம்மைப் பிடித்துக்கொண்டால் அவர் ஒரு வார்த்தை நமக்காகப் பேச வேண்டும். இதையெல்லாம் நினைத்துத்தான் அந்த மனிதர் "சரி, பார்க்கலாம்" என்கிறார். நாம் அதை ஆர்டர் என்று எழுதிக்கொள்கிறோம். ஒரு வாரம் கழித்து "என்ன முடிவு பண்ணீங்க?" என்று கேட்கிறோம். அவர் அதற்குள் நம் கண்ணில் படாமல் சாப்பிடப் போகிற நேரத்தை மாற்றிக்கொண்டிருப்பார்.

இதிலேயே மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் விற்பது என்பது வேறு ரகம். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மேலாளர், குடும்பத்தில் ஒருவர் பெயரில் காப்பீட்டு ஏஜென்சி வைத்திருந்தார். வேலையில் கெட்டிக்காரர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். ஆண்டு மதிப்பீடு நடக்கும் சமயத்தில் ஒவ்வொருவராகத் தன் அறைக்குக் கூப்பிடுவார். மதிப்பீட்டைப் பேசி முடித்ததும், எதிரில் இருப்பவர் எழுந்திருப்பதற்குள் மேஜை இழுப்பறையைத் திறந்து, பளபளவென்று மடித்த ஒரு வண்ணத் தாளை எடுத்து, மதிப்பீட்டுப் படிவத்தின் மேலேயே வைப்பார். "யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமே இல்ல." அவ்வளவுதான் சொல்வார். கீழே இருக்கும் படிவம் இன்னும் மேலிடத்துக்குப் போகவில்லை என்பது அந்த அறையில் இருக்கிற இரண்டு பேருக்கும் தெரியும். பலர் கையெழுத்துப் போட்டார்கள். அவர் மாற்றலாகிப் போனதும் அவர்களில் பலர் அடுத்த தவணையைக் கட்டவில்லை. ஆரம்ப ஆண்டுகளில் பாலிசியை விட்டால் கட்டிய பணத்தில் பெரும்பகுதி போய்விடும் என்று தெரிந்தே விட்டார்கள்.

அந்த மேலாளர் தான் யாரையும் வற்புறுத்தியதே இல்லை என்று இன்றைக்கும் மனதார நம்புவார், அதுதான் எனக்கு வருத்தம். பதவி தானாகவே வற்புறுத்தும், வாயைத் திறக்க வேண்டியதில்லை. அமெரிக்க ராணுவத் துறை தன் நன்னடத்தை விதிகளில் இதைப் பளிச்சென்று எழுதிவைத்தது: தனக்குக் கீழ்நிலையில் இருப்பவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ போய்க் கேட்டு எதையும் விற்கக் கூடாது, பணி நேரத்திலும் கூடாது, பணி முடிந்த பிறகும் கூடாது. காப்பீடு, பங்குகள், வீட்டுமனை என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் அழகுசாதனப் பொருளும் வைட்டமின் மாத்திரையும்கூட இருந்தன. அவற்றை வரிசையாக எழுதும்படி ஆகியிருக்கிறது என்றால், இந்தப் பழக்கம் எங்கெல்லாம் நுழைந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, மேலதிகாரி கதை வேண்டாம், நானும் அவரும் சமநிலையில்தான் இருக்கிறோம், அவர் வாங்கினால் எனக்கு வருமானம்தானே என்று கேட்கலாம். வருமானம்தான், ஆனால் அதை வைத்துத் தொழிலைப் பற்றி ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. பிளாஸ்டிக் டப்பாக்கள் செய்யும் டப்பர்வேர் நிறுவனம் 1951-இல் கடைகளில் விற்பதை நிறுத்திவிட்டு, வீடுகளில் தோழிகளையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிவைத்து விற்கும் முறைக்கே முழுவதும் மாறியது. அப்படிப்பட்ட விற்பனையை ஆராய்ந்து 1990-இல் ஒரு ஆய்வு வந்தது. வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பதில், பொருள் பிடித்திருக்கிறதா என்பதைவிட அழைத்தவரோடு இருக்கும் நெருக்கத்துக்கு இரண்டு மடங்கு பலம் இருந்ததாக அதில் கண்டார்கள். விற்கிறவருக்கு இது சந்தோஷச் செய்தி மாதிரித் தெரியும். எனக்கு இது எச்சரிக்கையாகத்தான் படுகிறது. ஆபீஸில் வரிசையாகப் பத்துப் பேர் வாங்கிவிட்டார்கள் என்றால், நம் விலை சரியா, வேலை நன்றாக இருக்கிறதா, இது யாருக்காவது உண்மையிலேயே தேவையா என்ற எந்தக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடவில்லை. முகதாட்சண்யத்துக்கு வாங்கிய பத்துப் பேரை நம்பி வேலையை விட்டு முழுநேரமாக இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் ஆபீஸை விட்டு வெளியே வந்த அன்றைக்கே அந்தத் தாட்சண்யமும் முடிந்துவிடும்.

அப்படியென்றால் முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்? இந்தக் கேள்வி நியாயமானது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர், தெரிந்தவர்கள் மூலம் புதிய வேலைக்கு மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். 1973-இல் அதை வெளியிட்டார். அடிக்கடி பார்க்கிறவர் மூலம் கிடைத்தது என்று சொன்னவர்கள் ஏறக்குறைய 17 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 56 சதவீதத்துக்குப் பக்கம், மிக அரிதாக என்றவர்கள் 28 சதவீதம். அவர் ஆராய்ந்தது வேலை கிடைப்பதைப் பற்றித்தான், ஆனால் தொழிலுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் நமக்கும் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். நமக்குத் தெரியாத ஆட்கள் இருப்பது, எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் கூட உட்கார்ந்தவர், பழைய ஆபீஸில் வேறு மாடியில் இருந்தவர், இப்படிப்பட்டவர்களைச் சுற்றித்தான். ஆகவே கூட வேலை செய்கிறவர்களிடம் நாம் செய்ய வேண்டியது, நாம் என்ன செய்கிறோம் என்பதைத் தெரியவைப்பது மட்டும். "வார இறுதியில் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டால் ஒரு நிகழ்ச்சிக்குப் படம் எடுக்கப் போனேன் என்று சொல்லலாம். கேட்டால் இரண்டு படம் காட்டலாம். அதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "உங்க வீட்ல ஏதாவது விசேஷம் இருந்தா சொல்லுங்க" என்ற அந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இருப்பதுதான் கஷ்டம். அதைச் சொன்ன நிமிடத்திலிருந்து நம் பேச்சு முழுவதையும் அவர் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்துவிடுவார்.

ஆபீஸ் வேலைக்காக ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் விலைப்பட்டியல் போடுவதும் அதே ரகம்தான். அந்தக் குழுவிலிருந்து யாரும் வெளியேற முடியாது, அதனால்தான் அங்கே போடவே கூடாது.

அவர்களாகவே வந்து கேட்டால் தாராளமாகச் செய்யலாம், நானும் செய்கிறேன். ஆனால் முன்பின் தெரியாதவருக்கு என்ன முறையோ அதே முறையில். சமீபத்தில் கூட வேலை செய்யும் ஒரு அக்கா, குழந்தையைப் படம் எடுத்துத் தரச் சொன்னார். எத்தனை மணி நேரம், எத்தனை படங்கள் திருத்தித் தருவேன், எந்தத் தேதிக்குள் தருவேன், முன்பணம் எவ்வளவு, எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி அவருடைய சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். "என்னப்பா, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டார். நமக்குள்ளே என்பதால்தான் அக்கா வேண்டும் என்றேன். குழந்தை பாதியிலேயே தூங்கிவிட, இன்னொரு நாள் போக வேண்டி வந்தது. மறுநாளுக்குத் தனிக் கட்டணமா என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை, குழந்தைகள் விஷயத்தில் ஒருமுறை மறுபடி வருவேன் என்று அந்தப் பக்கத்திலேயே இருந்தது. எழுதாமல் விட்டிருந்தால் அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம், அதைச் சுமந்துகொண்டு தினமும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். பாதி விலைக்குச் செய்வதும் ஆபத்துதான். பாதி விலை கொடுத்தவர் படம் தாமதமானால் கேட்கத் தயங்குவார், கேட்காமல் இன்னொருவரிடம் சொல்வார்.

ஆபீஸுக்கு வெளியே இருக்கும் தொழில்முறைத் தொடர்புகள் விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். நம் நிறுவனத்துக்குச் சரக்கு கொடுப்பவரின் பில்லை நாம் பாஸ் பண்ணுகிறோம் என்றால், அவர் நம்மிடம் வாங்கும் சேவைக்குக் கொடுக்கும் பணத்துக்கு என்ன பெயர் சூட்டினாலும் அது லஞ்சத்தின் சாயலில்தான் இருக்கும். நாம் கேட்கவில்லை, அவராகத்தான் வந்தார் என்பது எடுபடாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கும் எண்களும் அப்படித்தான். நம் செல்போனில் சேமித்திருப்பதால் அவை நம்முடையவை ஆகிவிடாது, அந்த மனிதர் எண்ணைக் கொடுத்தது வேறு காரியத்துக்கு. வேலையில் சேரும்போது படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். வெளி வேலைக்கு முன் அனுமதி வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். நிறுவனத்தின் கணினியில் செய்த வேலை நிறுவனத்துக்கே சொந்தம் என்றும், வேலையை விட்ட பிறகும் குறிப்பிட்ட காலம் அதன் வாடிக்கையாளர்களை அணுகக் கூடாது என்றும் சிலவற்றில் இருக்கும். அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக "செய்ங்க, பரவாயில்ல" என்று சொன்ன அதிகாரி நாளைக்கே மாறிப்போவார்.

லிங்க்ட்இன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அழைப்பை ஏற்ற அடுத்த நிமிடமே விலைப்பட்டியல் அனுப்புகிறவரை யாரும் இரண்டாம் முறை திறந்து படிப்பதில்லை.

ஆள் சேர்த்தால் கமிஷன் என்று ஓடும் நெட்வொர்க் வியாபாரத்தைச் சக ஊழியர்களிடம் கொண்டுபோவதை மட்டும் நான் எந்தச் சமாதானத்தோடும் ஏற்க மாட்டேன். அதில் வாங்கியவரையே விற்கவும் வைக்கிறோம், அவர் அடுத்த மேஜைக்குப் போகிறார், கொஞ்ச நாளில் ஒரு தளம் முழுக்க ஒருவரை ஒருவர் தவிர்க்க ஆரம்பிக்கிறார்கள்.

வாங்கச் சொல்லி நச்சரிக்கப்படுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். காரணம் சொல்லாதீர்கள். இந்த மாதம் கையில் பணம் இல்லை என்றால் அடுத்த மாதம் வருவார்கள், வீட்டில் கேட்க வேண்டும் என்றால் வீட்டுக்கே வருகிறேன் என்பார்கள். "கூட வேலை செய்றவங்களோட பணம் கொடுக்கல் வாங்கல் வெச்சுக்கறதில்லைங்க" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டால் யாரும் தன்னை மட்டும் ஒதுக்கியதாக நினைக்க வழியில்லை. மேலதிகாரியிடம் இதைச் சொல்வது சுலபமில்லை என்று எனக்கும் தெரியும். ஆகவே அந்தப் பொறுப்பு கீழே இருப்பவர் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர் மேலே இருப்பவர்தான். என் குழுவில் எனக்குக் கீழே வேலை செய்பவர்கள் படம் எடுக்கச் சொல்லிக் கேட்டால் நான் எடுப்பதில்லை. நன்றாக எடுக்கும் வேறு ஓரிருவரின் எண்ணைக் கொடுத்துவிடுகிறேன். அவர்கள் யாரைக் கூப்பிட்டார்கள், கூப்பிட்டார்களா இல்லையா என்றுகூட அப்புறம் விசாரிப்பதில்லை.