ஒருத்தர்தானா சார்?

குன்னூருக்குத் தனியாகப் போவது இவ்வளவு பெரிய குற்றமென்று எனக்குத் தெரியாது.

மாம்பலத்தில் பையைத் தூக்கியதுமே ஆரம்பம். "யார்கூடப்பா போறே?" என்று பக்கத்து வீட்டு மாமி. யாருமில்லை என்றதும் ஒரு பார்வை. சரி, விடுங்கள். சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அரசுப் பேருந்தில் ஏறினேன். மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. 1899-லேயே குன்னூர் வரை ஓடிய ரயில் அது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் உள்ள பல் கம்பியைப் பல்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறும். பேருந்து என்பதால், சொந்த வண்டியில் நீலகிரிக்குப் போகிறவர்கள் ஆன்லைனில் எடுக்கும் இ-பாஸ் தொல்லை இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

உண்மையான கொடுமை லாட்ஜில்தான். "எத்தனை பேர்?" "ஒருத்தர்." "ஒருத்தர்தானா சார்?" ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தனி ஆளுக்கு ரூம் தருவதில்லை என்றார். மூன்றாவது இடத்தில் கொடுத்தார்கள், ஆனால் இரண்டு பேருக்கான வாடகை! பாதிக் கட்டிலில்தானே படுக்கப் போகிறேன்?

ஜீப்காரர்களும் அப்படித்தான். டால்பின் நோஸ் காட்சிமுனைக்குப் போய் வர முழு வண்டிக்கும் நானே கொடுக்க வேண்டுமாம். பங்கு போட ஆள் தேடி ஒரு மணி நேரம் நின்றேன். வந்ததெல்லாம் தேனிலவு ஜோடிகள்.

இதற்கு நடுவே மாமியிடமிருந்து போன். "தனியாத்தானே போயிருக்கே, பையில இடம் இருக்கும். ரெண்டு கிலோ டீத்தூள் வாங்கிட்டு வா."